மும்பைக் கடலில் ஸ்கூபா டைவிங் செய்ய முடியுமா?

கேட்டவர் செம்பூரில் வசிக்கிறார். நீச்சல் தெரியும், கடல் என்றால் ஆசை. மும்பை துறைமுகத்தைச் சுற்றி எத்தனையோ கப்பல்கள் மூழ்கிக் கிடப்பதாகப் படித்திருக்கிறார். "இவ்வளவு பெரிய துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங்குக்கு ஏன் தெற்கே மால்வன் கடற்கரைக்கும் கோவாவுக்கும் போக வேண்டும்? மூழ்கிய கப்பல்களையும் பவளப் பாறைகளையும் இங்கேயே பார்க்க முடியாதா? மால்வனில் நடப்பது ஏமாற்று வேலை என்கிறார்களே, அது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கடலில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது அது வெறும் சாக்கடைதானா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மூழ்கிப் பார்க்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும். நான் பல ஆண்டுகள் மும்பை துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பகுதியைப் பரிசோதிக்கும், சுத்தம் செய்யும் டைவராக வேலை பார்த்தவன். பிறகு கொங்கண் கரையில் பருவந்தோறும் புதியவர்களுக்கு டைவிங் கற்றுக்கொடுத்து வருகிறேன். கடல் உயிரியல் படித்தவன் அல்ல, மருத்துவனும் அல்ல. அந்த இரண்டு துறைகளையும் தொடும் இடங்களில் என் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மும்பை நீருக்குள் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் செய்யும் வேலை முழுக்க முழுக்கக் கைகளின் வேலை. தலைக்கவசத்தில் விளக்கு உண்டு. ஏற்றினால் கண்ணாடிக்கு முன்னால் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஒரு வெளிச்சம் பரவும், அவ்வளவுதான். கையை நீட்டினால் விரல்கள் தெரியாது. கப்பல் தன் எந்திரத்துக்குக் கடல்நீரை உள்ளிழுக்கும் துவாரத்தின் இரும்புச் சட்டத்தைத் தடவித்தான் கண்டுபிடிப்போம். சட்டத்தில் கொட்டலசு என்னும் ஓட்டுயிரும் மட்டியும் கெட்டியாக ஒட்டியிருக்கும், இடுக்குகளில் பிளாஸ்டிக் பைகள் சுருண்டு அடைத்திருக்கும். எது கொட்டலசு, எது துரு, எது கப்பலின் சொந்த ஆணி என்று விரல் நுனிதான் சொல்ல வேண்டும். மேலே படகில் இருப்பவர் கம்பி வழியாகப் பேசி வழிகாட்டுவார். நாம் கப்பலின் தகடுகள் இணையும் கோட்டைப் பிடித்துக்கொண்டு நகர்வோம். அதையும் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறி முடிந்து இறங்கத் தொடங்குவதற்கு முன்பு, நீரோட்டம் அடங்கி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பை கடற்படைத் தளத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து மூழ்கி 18 வீரர்கள் இறந்தபோது, நாட்டின் மிகச் சிறந்த கடற்படை டைவர்கள்கூட உள்ளே எதுவும் தெரியாமல் தடவித் தடவியே தேட வேண்டியிருந்தது. கரையிலிருந்து கூப்பிடும் தூரத்தில் நடந்த விபத்து அது.

நீர் ஏன் இப்படிக் கலங்கியிருக்கிறது என்று கேட்டால் பலரும் உடனே சாக்கடையைச் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். மும்பையில் ஓதம் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். இது ஒரு நாளில் இரண்டு முறை நடக்கிறது. அத்தனை தண்ணீரும் தானே நகரக் கழிமுகத்துக்குள்ளும் மாஹிம் வளைகுடாவுக்குள்ளும் புகுந்து வெளியேறும்போது அடியில் இருக்கும் சேறு படியவே நேரம் கிடைப்பதில்லை. வடக்கே காம்பத் வளைகுடாவில் நர்மதையும் தாபியும் கொண்டுவந்து கொட்டும் வண்டலும் இந்தக் கரையோரக் கடலில்தான் சேர்கிறது. போதாததற்கு, இந்தியாவின் கண்டத்திட்டு மிக அகலமாக இருப்பதும் இந்தப் பகுதியில்தான். மும்பைக்கு நேர் மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் வரை ஆழம் குறைந்த கடலே நீள்கிறது. அலையும் நீரோட்டமும் எளிதில் தரையைத் தொட்டுக் கிளறிவிடும். ஆகவே நாளைக்கே நகரத்தின் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்துவிட்டாலும் மும்பை நீர் ஸ்படிகமாகிவிடாது. சுத்திகரிப்பு அவசியம். ஆனால் அதன் பயன் உயிர்களுக்கும் நம் உடல்நலத்துக்கும்தான், டைவரின் கண்ணுக்கு அல்ல. "எங்கள் காலத்தில் அடித்தரை தெரியும்" என்று கோலி மீனவர்கள் வாழும் கோலிவாடாவில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வற்று நேரத்தில் சில பாறைப் பகுதிகளில் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் சேறும் ஓதமும் அவர்களுடைய காலத்திலும் இருந்தவைதான்.

கரையை விட்டு வெகுதூரம் போனால் நீலம் வருகிறது. 1974-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பம்பாய் ஹை, நகரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 75 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே எண்ணெய் மேடைகளின் கால்களைச் சுற்றி மீன்கள் திரள்வதைப் பற்றி வேலைக்குப் போன டைவர்கள் ஆசையாகப் பேசுவார்கள். ஆனால் மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் வெளியார் படகு நுழையவே கூடாது. உல்லாச டைவிங் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இனி மூழ்கிய கப்பல்கள். நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தால் டைவருக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. மும்பை என்றதும் எல்லோரும் சொல்வது ஃபோர்ட் ஸ்டிகைன். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்றிருந்த அந்தக் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும், அதோடு பருத்திப் பொதிகளும், தங்கக் கட்டிகளும் இருந்தன. பருத்தியில் பிடித்த தீ வெடிபொருளுக்குப் பரவி, அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தீயணைக்கப் போன 66 வீரர்களும் அதில் அடக்கம். அதனால்தான் ஏப்ரல் 14 இன்றும் நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஆனால் அந்தக் கப்பலைப் போய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வெடித்துச் சிதறிய கப்பல். துறைமுகத்தைத் திரும்பத் திறப்பதற்காக இடிபாடுகளை மாதக்கணக்கில் அகற்றினார்கள். அகழ்வுப் பணியில் 1970-களில்கூடத் தங்கக் கட்டிகள் அகப்பட்டன. இன்னும் தங்கம் கிடக்கிறது என்ற கதையைச் சொல்பவர்கள் உண்டு. கிடந்தாலும் அது துறைமுகத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள், பல அடி சேற்றுக்குள் கிடக்கும்.

எஸ்.எஸ். ராமதாஸ் வேறு விதமான துயரம். 1947 ஜூலை 17 அன்று மும்பையின் பாவூச்சா தக்கா படகுத்துறையிலிருந்து அலிபாக் பக்கத்து ரேவஸுக்குப் புறப்பட்ட பயணிகள் கப்பல், மழைக்காலக் கடலில் கவிழ்ந்து 600 பேருக்கும் மேல் இறந்தார்கள். சுதந்திரத்துக்குச் சரியாக ஒரு மாதம்கூட இல்லாத நேரம். அலிபாக் பக்கத்துக் கிராமங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறும். டையூவுக்கு அப்பால் 1971 டிசம்பர் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். குக்ரியில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அது உல்லாச டைவிங்கின் எல்லைக்கு மிகவும் கீழே இருக்கும் போர்க் கல்லறை. 2021 மே 17 அன்று டவ்தே புயலில் பம்பாய் ஹை எண்ணெய் வயல்களுக்கு அருகே பி-305 என்ற தங்கும் படகும் ஓர் இழுவைப் படகும் மூழ்கி, இரண்டிலும் சேர்த்து எண்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். அதில் பலர் வெல்டர்கள், பிட்டர்கள், சமையல்காரர்கள், நம்மைப் போல ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இவற்றையெல்லாம் "டைவ் செய்யும் இடம்" என்று குறிப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

மனித உயிர்ச் சேதம் இல்லாமல் மூழ்கியவையும் உண்டு. 2011 ஆகஸ்ட் 4 அன்று ராக் கேரியர் என்ற சரக்குக் கப்பல் 60,000 டன் நிலக்கரியோடு மும்பையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் மூழ்கியது. அதிலிருந்த 30 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் எண்ணெய் கசிந்து ஜுஹு வரை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியாவும் துறைமுக வாசலில் மோதிக்கொண்டபோது கொள்கலன்கள் மிதந்து வந்து கப்பல் போக்குவரத்தே நின்றது. மூழ்கிய கப்பல் மும்பையில் காட்சிப்பொருள் அல்ல, கப்பல் வழியில் கிடக்கும் ஆபத்து. வரைபடத்தில் குறிக்கப்பட்டு, மிதவை வைக்கப்பட்டு, முடிந்தால் அகற்றப்படும். அதன்மேல் இழுவலைகள் சிக்கி அறுந்து தொங்கும். கண் தெரியாத நீரில், நீரோட்டத்தில், தொங்கும் வலைகளுக்கு நடுவே, தலைக்கு மேல் சரக்குக் கப்பல்கள் போய்வரும் வழியில் இறங்குவது பயிற்சி பெற்ற தொழில்முறை டைவருக்கும் கடைசி வேலைதான்.

அப்படியானால் பவளம்? மும்பையில் பவளப் பாறைத் தொடர் கிடையாது. ஆனால் பவளம் உண்டு. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கடற்கரைச் சாலை கட்டும்போது வர்ளியிலும் ஹாஜி அலியிலும் பாறைகளில் உயிருள்ள பவளங்கள் இருப்பது தெரியவந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது. ஆகவே வனத்துறையிடம் அனுமதி வாங்கி, 2020-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் மேற்பார்வையில் அவற்றைப் பெயர்த்து வேறு பாறைகளுக்கு மாற்றினார்கள். இடம் மாற்றிய பவளங்கள் பிழைத்ததாகப் பின்னர் அறிவித்தார்கள். நான் அவற்றை நேரில் பார்க்கவில்லை. பவளத்தைப் பெயர்த்து ஒட்டுவது எந்தக் கடலிலும் எளிதான காரியம் அல்ல, அதன் வெற்றியைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது மட்டும் என் எண்ணம்.

இவற்றைப் பார்க்க சிலிண்டர் வேண்டாம். ரப்பர் செருப்பும் ஓத அட்டவணையும் போதும். மும்பையின் அப்போலோ பந்தருக்கான ஓத அட்டவணையில் வற்று அரை மீட்டருக்கும் கீழே போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டு மூன்று நாட்கள் முன்னும் பின்னும் அப்படி அமையும். கோலிகள் உதாண் என்று சொல்லும் பெரிய ஓத நாட்கள் அவை. வற்று முழுமையடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாந்த்ரா கார்ட்டர் ரோட்டிலோ ஹாஜி அலியிலோ பாறைகளில் இறங்கிவிட வேண்டும். முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக்தான். மனம் தளராமல் ஒரு குட்டையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, நிழல் விழாமல், அசையாமல் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் குட்டை தன் வேலையைத் தொடங்கும். சங்கு என்று நினைத்தது கால் முளைத்து நகரும், அது துறவி நண்டு. பாசி என்று நினைத்த பச்சைப் படுகை முழுவதும் சட்டைப் பொத்தான் அளவுள்ள வாய்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் விரல்கள். கடல் சாமந்தியின் உறவுக்காரப் பிராணிகள் அவை, கூட்டம் கூட்டமாகப் பாறையை மூடியிருக்கும். பாறையின் அடிவயிற்றில், வெயில் படாத பக்கத்தில், நாணயம் அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பவளம். இடுக்கில் ஒரு பேய்க்கணவாய் பாறையின் நிறத்தைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் கண் மட்டும் உங்களைத் தொடரும். நீங்கள் அதைக் கண்டுகொண்டீர்கள் என்று அதற்குத் தெரிந்த அடுத்த நொடியே நிறம் மாறிக் கறுத்து, நீரைப் பீச்சிக்கொண்டு மறையும். இரண்டு கோடிப் பேர் வாழும் நகரத்தின் சுவருக்கு அடியில், பேருந்து ஓசை கேட்கும் தூரத்தில் இது நடக்கிறது.

இந்தக் கரைகளுக்கு ஆட்களை வழிகாட்டி அழைத்துப்போகும் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற தன்னார்வக் குழு 2017 முதல் இயங்குகிறது. முதல் முறை அவர்களோடு போவது நல்லது. காரணம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் வேண்டும். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுத்தால் அது நச்சு ஊசியால் குத்தக்கூடும். மணல் கலந்த ஆழமற்ற நீரில் திருக்கை புதைந்திருக்கும். 2013-இல் கணபதி சிலைகளைக் கரைக்க கிர்காவ் சௌபாட்டியில் இறங்கிய பல பேரைத் திருக்கைகள் கொட்டியது செய்தியானது. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிவிடும். கொட்டிவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் கரை ஒதுங்கும் நீலநிறக் காற்றுப்பை போன்ற ஜெல்லிகள் இறந்த பிறகும் சுடும். இன்னொன்று, கல்லைப் புரட்டினால் முன்பு இருந்தபடியே வைத்துவிடுங்கள். அடியில் இருப்பவை வெயிலில் செத்துப்போகும்.

சரி, மாஸ்க் போட்டுக்கொண்டு கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் தெற்கே போகத்தான் வேண்டும். மும்பையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டரில் மால்வன். பெரிய ஆறுகளின் சேறு குறைவு, கரை பாறைப்பாங்கானது, ஓதமும் மும்பையை விடச் சிறியது. சிவாஜி 1664 முதல் 1667 வரை கட்டிய சிந்துதுர்க் கோட்டையின் அடிப்பாறைகளைச் சுற்றியே பவளங்கள் வளர்ந்திருக்கின்றன. 1987-இல் சுமார் 29 சதுர கிலோமீட்டரைக் கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். மீன்பிடிப்பு நின்றுவிடுமோ என்று உள்ளூர் மீனவர்கள் அதை நெடுங்காலம் எதிர்த்தார்கள். இன்று அவர்களில் பலருடைய படகுகள்தான் டைவர்களை ஏற்றிச் செல்கின்றன. கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், களவா, பாறை இடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் அஞ்சாலை, சிங்கமீன் எல்லாம் சில மீட்டர் ஆழத்திலேயே உண்டு. நல்ல நாளில் ஐந்தாறு மீட்டர், மிக நல்ல நாளில் அதற்கும் மேல் தெளிவு கிடைக்கும். "பத்து மீட்டர் தெளிவு நிச்சயம்" என்று முன்பதிவின்போதே உறுதி தருபவரை விட்டுவிடுங்கள். அதை நேற்றைய காற்றும் இன்றைய ஓதமும்தான் முடிவுசெய்யும். காலையில் கடலைப் பார்த்த பிறகும்கூட நான் யாருக்கும் அந்த உறுதியைத் தருவதில்லை.

இன்னும் தெற்கே, கர்நாடகத்தின் முருதேஸ்வரத்துக்கு எதிரே சுமார் 19 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கும் நேத்ராணி தீவு, மேற்குக் கரையோரத்தில் நான் பார்த்தவற்றில் சிறந்தது. கரையிலிருந்து தள்ளி இருப்பதால் நீர் தெளிவு. கோவாவில் கிராண்டே தீவைச் சுற்றி டைவிங் நடக்கிறது. அங்கே 'சூசி' என்று டைவர்கள் அழைக்கும் பழைய சரக்குக் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் உடைந்து கிடக்கிறது. மேற்குக் கரையில் புதியவர் பார்க்கக்கூடிய உண்மையான மூழ்கிய கப்பல் என்றால் அதைத்தான் சொல்வேன். தகடுகள் சிதறிக் கிடப்பதால் உள்ளே நுழையும் ஆபத்து குறைவு, மீன்களும் அதிகம். விஜயதுர்க்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் பெயர் தாங்கிய ஆங்கரியா திட்டு இருக்கிறது. நடுக்கடலில் ஒரு பவள மேடு, மிக உயர்ந்த பகுதியே நீர்மட்டத்துக்குச் சுமார் 20 மீட்டர் கீழே. அது அனுபவசாலிகளுக்கு. அதை ஆண்டுகள் கழித்து வைக்கும் ஆசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதிய செய்தியும் உண்டு. 2024 ஜனவரியில் ஓய்வுபெற்ற ஐ.என்.எஸ். குல்தார் என்ற கடற்படைத் தரையிறங்கு கப்பலை, சிந்துதுர்க் மாவட்டத்தில் நிவதி பாறைக்கு அருகே மூழ்கடித்துச் செயற்கைப் பாறையாகவும் நீரடி அருங்காட்சியகமாகவும் ஆக்கும் திட்டத்துக்காக மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். சுமார் 84 மீட்டர் நீளக் கப்பல். நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். எண்ணெயையும் கம்பிகளையும் முழுவதும் அகற்றிவிட்டு மூழ்கடித்த கப்பல், விபத்தில் மூழ்கியதை விடப் பல மடங்கு பாதுகாப்பானது. ஆனால் இரும்பு மூழ்கிய மறுநாளே பவளம் வந்துவிடாது. முதலில் பாசி, கொட்டலசு, அதை மேயும் சிறு மீன், அதைத் தேடும் களவா என்று வரிசையாகத்தான் வரும். அதற்கு வருடங்கள் ஆகும்.

மூழ்கிய கப்பலுக்கு எந்த அளவு பயிற்சி தேவை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கச் சான்றிதழான ஓபன் வாட்டர் உங்களை 18 மீட்டர் வரை அனுமதிக்கிறது, அதற்கடுத்தது 30 மீட்டர் வரை. இரண்டுமே கப்பலைச் சுற்றி வெளியே நீந்துவதற்குத்தான். உள்ளே நுழைவது வேறு கலை. கூரை தலைக்கு மேல் வந்துவிட்டால் பிரச்சினை வந்ததும் நேராக மேலே போகும் வழி இல்லை. காலில் மாட்டும் ஃபின் ஒரு முறை தரையைத் தட்டினால் பல ஆண்டுகள் படிந்த துரு கிளம்பி, வந்த வாசல் மறைந்துவிடும். மும்பை நீரில் வேலை செய்தவர்களுக்கு அந்த இருட்டு பழக்கம். அப்போதும் எங்களிடம் மேலிருந்து காற்றுக் குழாயும் பேச்சுக் கம்பியும் இருந்தன. முதுகில் ஒரே சிலிண்டரோடு, கயிறு கட்டாமல், படம் எடுப்பதற்காகக் கப்பலுக்குள் நுழைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மால்வனில் நடப்பது ஏமாற்றா என்றால், ஏமாற்று அல்ல. ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூபா என்ற பெயரில் அங்கே அதிகமாகத் தரப்படுவது, பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சில மீட்டர் ஆழத்தில் கொஞ்ச நேரம் சுற்றிக்காட்டும் அறிமுகம். அதை அறிமுகமாக ஏற்றுக்கொண்டால் ஏமாற்றமே இல்லை. பார்க்க வேண்டியது நடத்துபவரின் தரத்தை. இறங்குவதற்கு முன் காதை எப்படிச் சமன்செய்வது, நீருக்குள் மூச்சை ஏன் ஒருபோதும் அடக்கக்கூடாது என்று நிதானமாகச் சொல்லித்தருகிறாரா? மருத்துவக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்கிறாரா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? மீன்கள் கூட வேண்டும் என்று ரொட்டியைத் தூவுகிறாரா? தூவினால் அங்கே போகாதீர்கள். ரொட்டிக்குப் பழகிய மீன் பாசியை மேய்வதில்லை, பாசி பவளத்தை மூடுகிறது. மூச்சு விஷயத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். ஆழம் குறைவு, ஆகவே ஆபத்து இல்லை என்ற எண்ணம் தவறு. மேல் சில மீட்டர்களில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது.

ஆஸ்துமா, முன்பு நுரையீரல் சுருங்கிய வரலாறு, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை இவற்றில் எதுவும் இருந்தால், டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பயிற்றுநர் "பரவாயில்லை" என்று சொல்வது சம்மதம் ஆகாது. நான் சொன்னாலும் ஆகாது. நீச்சல் தெரியும் என்கிறீர்கள், நல்லது. ஓபன் வாட்டர் பயிற்சிக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும். பாடத்தையும் நீச்சல் குளப் பகுதியையும் மும்பையிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ்களுக்கு மட்டும் தெற்கே போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரை முழுவதும் கடல் மூடிக்கிடக்கும், அக்டோபரில் திறந்தாலும் மழையின் கலக்கல் இறங்க நேரம் எடுக்கும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். அதிலும் உதாண் நாட்களைத் தவிர்த்துச் சிறிய ஓதம் இருக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். குட்டை பார்க்கப் போவதற்கு நேர் எதிரான கணக்கு இது.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். டைவ் முடிந்த உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும், உயரத்துக்குப் போனால் அது குமிழாக வெளிப்பட்டு மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். இது விமானத்துக்கு மட்டும் என்று நினைத்து, ஞாயிறு மதியம் டைவை முடித்த கையோடு கோலாப்பூர் வழியாகக் காரில் புறப்படுபவர்கள் உண்டு. அம்போலி மலைப்பாதை சுமார் 700 மீட்டர் உயரம், அந்த எச்சரிக்கைக்குள் அதுவும் வரும். மால்வனுக்கு இறங்க வேண்டிய ரயில் நிலையம் குடால். மாலையில் அங்கே கொங்கண் கன்யாவிலோ துதாரியிலோ ஏறினால், கடலோரமாகவே தாழ்வான பாதையில் தூங்கிக்கொண்டு வந்து மறுநாள் காலை தாதரில் இறங்கலாம். பருவத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, அப்புறம் டைவுக்கு முன்பணம் கட்டுங்கள்.